'எட்ஜ்' வினைச்சொல்லாக வரும்போது என்ன பொருள்?

கேள்வி இதுதான்: ஆங்கிலப் பாடப் பத்தியில் 'தி பாய் எட்ஜ்ட் டுவர்ட்ஸ் தி டோர், ஹிஸ் ஐஸ் ஆன் தி டாக்' என்று ஒரு வரி. கைபேசி அகராதியில் 'எட்ஜ்' என்று தேடினால் விளிம்பு, ஓரம், கூர்மை என்று மட்டுமே வருகிறது. அப்படியானால் பையன் கதவின் ஓரத்தில் நின்றான் என்று எடுத்துக்கொள்வதா? இதே சொல் பங்குச்சந்தைச் செய்தியிலும் தேர்தல் செய்தியிலும் வருகிறதே, அங்கெல்லாம் என்ன பொருள்? நாமே எழுதும்போது எப்படிப் பயன்படுத்துவது?

முதலில் அந்த வரி. பையன் எங்கும் நிற்கவில்லை, நகர்கிறான். 'நாய் மேல் வைத்த கண்ணை எடுக்காமல், பையன் கொஞ்சம் கொஞ்சமாகக் கதவுப் பக்கம் நகர்ந்தான்.' இவ்வளவுதான் பொருள். ஆனால் அந்த ஒரே சொல்லுக்குள் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தால்தான் மற்ற இடங்களும் பிடிபடும்.

அந்தப் பையனைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். நாய் அவனைப் பார்த்துவிட்டது. திரும்பி ஓடினால் துரத்தும். அதனால் முகத்தை நாய்ப் பக்கமே வைத்துக்கொண்டு ஒரு காலைப் பக்கவாட்டில் தேய்த்து வைக்கிறான். நாய் காதை விறைத்தால் அப்படியே நிற்கிறான். அது அசங்காமல் இருந்தால் மற்ற காலையும் இழுத்துச் சேர்த்துக்கொள்கிறான். மறுபடி ஒரு காலடி. இந்த மொத்தக் காட்சிக்கும் ஆங்கிலத்தில் 'எட்ஜ்ட்' என்ற ஒரு சொல் போதும். ஒரு நேரத்தில் மிகச் சிறிய தூரம், நின்று நின்று தொடர்வது, கவனம் முழுவதும் போகிற இடத்தில் இல்லாமல் ஆபத்தின் மேல் இருப்பது, உடம்பு பெரும்பாலும் பக்கவாட்டாகவோ சாய்வாகவோ இருப்பது ஆகிய எல்லாம் அதற்குள் அடக்கம். 'வாக்ட்' என்று எழுதினால் இதில் எதுவுமே வராது. 'கிரெப்ட்' என்று எழுதினால் சத்தம் காட்டாமல், கண்ணில் படாமல் போனான் என்ற வாசனை வந்துவிடும். நாய்தான் ஏற்கெனவே அவனைப் பார்த்துவிட்டதே! ஆகவே எழுதியவர் சரியான சொல்லைத்தான் தேர்ந்திருக்கிறார்.

ஓரம் என்று பொருள்படும் பெயர்ச்சொல் நகர்வைக் குறிக்கும் வினையானது எப்படி? பழைய ஆங்கிலத்தில் இச்சொல் கத்தியின் வெட்டும் பக்கத்தைக் குறித்தது, வாளையே குறித்ததும் உண்டு. மேசையின் ஓரம், காகிதத்தின் விளிம்பு என்ற பொருள்களெல்லாம் பின்னால் வந்தவை. ஒரு பலகையைக் குறுகிய இடத்தில் நுழைக்க வேண்டுமானால் அகலப் பக்கத்தைக் காட்டினால் போகாது, திருப்பி ஒல்லியான பக்கத்தை முன்னால் விட வேண்டும். அந்த வாக்கில் போவதுதான் 'எட்ஜ்வேஸ்'. மனிதன் இடுக்கில் ஒருக்களித்து நுழைவதும் அதேதான்.

நகர்வது என்ற பொருளுக்குக் கடலோடிகளின் பேச்சில் நல்ல சான்று கிடைக்கிறது. வில்லியம் ஃபால்கனர் 1769இல் வெளியிட்ட கடல்சார் அகராதியில் 'எட்ஜ் அவே' என்பதற்குத் தனிப் பதிவே இருக்கிறது. கரையைவிட்டோ, அதுவரை பிடித்து வந்த திசையைவிட்டோ கப்பல் படிப்படியாக விலகிப் போவது என்று அவர் பொருள் சொல்கிறார். பாய்மரக் கப்பலை நினைத்த மாத்திரத்தில் திருப்ப முடியாது. காற்றைப் பார்த்து, திசையைக் கொஞ்சம் மாற்றி, என்ன ஆகிறதென்று பார்த்து, மீண்டும் கொஞ்சம் மாற்ற வேண்டும். இன்றைய 'எட்ஜ்' சொல்லில் இருக்கும் பொறுமையும் சாய்வும் அங்கேயே முழுதாக இருக்கின்றன.

இங்கே ஒரு சின்னக் கிளைக்கதை. ஒருவரை உசுப்பேற்றிவிடுவதை ஆங்கிலத்தில் 'எக் ஆன்' என்பார்கள். அதற்கும் முட்டைக்கும் சம்பந்தமில்லை. அது ஸ்காண்டிநேவியர்களின் பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்த, 'எட்ஜ்' சொல்லின் உடன்பிறப்பு. கூர்முனையால் குத்திக் கிளப்புவது என்று வைத்துக்கொண்டால் பொருள் மறக்காது.

உடம்பால் செய்யும் 'எட்ஜிங்' எப்படி இருக்கும் என்பதை மலையேறுபவர்களிடம்தான் பார்க்க வேண்டும். வட இங்கிலாந்தில் மலைமுகட்டுக்கே 'எட்ஜ்' என்று பெயர் வைப்பார்கள். 950 மீட்டர் உயரமுள்ள ஹெல்வெலின் மலையில் 'ஸ்ட்ரைடிங் எட்ஜ்' என்றொரு முகடு இருக்கிறது, இரண்டு பக்கமும் சரிவு. அப்படிப்பட்ட இடத்தில் ஒருவர் 'எட்ஜ்ட் அலாங்' என்று எழுதினால் கையால் பாறையைப் பிடித்து, காலால் தடவி, நிலையாக நிற்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த அடி வைத்தார் என்று வாசகருக்குப் புரிந்துவிடும். பாறையேற்றத்தில் 'எட்ஜிங்' என்பது ஒரு தனி உத்தியின் பெயரும்கூட. விரல் அகலமே இருக்கும் பாறைத் துருத்தலில் காலணியின் ஓர விளிம்பை மட்டும் பதித்து எடையைத் தாங்குவது அது. பிடிக்கத் துருத்தலே இல்லாத வழுக்குப் பாறையில் அடிப்பாகத்தின் ரப்பரை முழுதாக அழுத்தி உராய்வில் நிற்பதற்கு 'ஸ்மியரிங்' என்று வேறு பெயர்.

ஆனால் ஓரமோ விளிம்போ பக்கத்தில் இருந்தால்தான் இந்த வினை வரும் என்று நினைத்துவிட வேண்டாம். நெரிசலில் பேருந்து 'எட்ஜ்' ஆகி முன்னேறும், நாற்காலியை மேசைப் பக்கம் 'எட்ஜ்' செய்யலாம், நடுக்கூடத்தில் நிற்பவர் கூட்டத்துக்குள் 'எட்ஜ்' ஆகி நுழையலாம். இடம் எதுவானாலும் சரி, நகரும் விதம்தான் முக்கியம்.

இனி இந்தச் சொல்லில் நம் பிள்ளைகள் தடுமாறும் உண்மையான இடத்துக்கு வருகிறேன். நகர்வதைச் சொல்லும்போது 'ஹி எட்ஜ்ட்' என்று மொட்டையாக நிறுத்த முடியாது. எங்கே, எதை நோக்கி, எதைவிட்டு என்று காட்டும் ஒரு துணைச்சொல் கூடவே வர வேண்டும். அதுதான் பாதிப் பொருளைச் சுமக்கிறது. 'டுவர்ட்ஸ்' வந்தால் நெருங்குகிறார், 'அவே' வந்தால் விலகுகிறார். 'பாஸ்ட்' என்றால் ஒருவரை இடிக்காமல் ஒருக்களித்துக் கடக்கிறார். 'அலாங்' என்றால் சுவரையோ பாறையையோ ஒட்டியபடி போகிறார். 'இன்டு' என்றால் மெல்ல நுழைகிறார், 'பேக்' என்றால் முதுகுப்புறமாகப் பின்வாங்குகிறார். வினை மாறவே இல்லை, விதத்தை மட்டும் சொல்லிவிட்டு வழியைத் துணைச்சொல்லிடம் ஒப்படைத்துவிடுகிறது.

தமிழ் இதற்கு நேர் எதிர்ப்பக்கம் சாய்கிறது. நம்மிடம் ஏறு, இறங்கு, நுழை, வெளியேறு, கட, விலகு, நெருங்கு என்று வழியைச் சொல்லும் வினைகள் வளமாக இருக்கின்றன. எப்படி நுழைந்தான் என்பதைப் பெரும்பாலும் முன்னால் வரும் வினையெச்சம் சொல்லும்: 'பதுங்கிப் பதுங்கி நுழைந்தான்', 'தவழ்ந்து வெளியே வந்தது', 'ஒருக்களித்துக் கடந்தாள்'. மொழியியலில் லெனார்ட் டால்மி இந்த வேறுபாட்டை வைத்தே உலக மொழிகளை இரண்டு பெருவகையாகப் பிரித்தார். வழியை வினையிலேயே வைக்கும் மொழிகள் ஒரு பக்கம், வழியைத் துணைச்சொல்லுக்குத் தள்ளிவிட்டு விதத்தை வினையில் வைக்கும் மொழிகள் மறுபக்கம். ஆங்கிலமும் ஜெர்மனும் இரண்டாவது வகை. ஸ்பானிஷும் துருக்கியும் முதல் வகை. டான் ஸ்லோபினும் ரூத் பெர்மனும் இதை ஆராய்ந்தபோது, எழுத்தே இல்லாத ஒரு தவளைப் படக்கதையைப் பல மொழிக் குழந்தைகளிடமும் பெரியவர்களிடமும் கொடுத்துச் சொல்லச் சொன்னார்கள். அந்த ஆய்வு 1994இல் நூலாக வந்தது. மரப்பொந்திலிருந்து ஆந்தை வரும் காட்சியில் ஸ்பானிஷ் பேசுபவர்கள் பெரும்பாலும் வெளிப்படுகிறது என்ற பொருளில் சொல்லி முடித்தார்கள். ஆங்கிலம் பேசுபவர்களில் கணிசமானோர் பறந்து வந்தது, துள்ளி வந்தது என்று விதத்தையும் சேர்த்தே சொன்னார்கள். தமிழிலும் 'உள்ளே ஓடினான்' என்பது போன்ற அமைப்பு உண்டு, முழுக்க முழுக்க ஒரே பக்கம் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் இந்தச் சாய்வைப் புரிந்துகொண்டால் மொழிபெயர்ப்பு பாதி எளிதாகிவிடும்.

எப்படி என்றால், ஆங்கில வாக்கியத்தில் துணைச்சொல்லாக இருப்பதை எடுத்துத் தமிழில் முதன்மை வினையாக்குங்கள். ஆங்கிலத்தில் வினையாக இருக்கும் 'எட்ஜ்'ஐ எடுத்து முன்னால் வைத்து வினையெச்சமாகவோ அடைமொழியாகவோ ஆக்குங்கள். 'எட்ஜ்ட் பாஸ்ட் தி கார்ட்' என்பது 'காவலாளியை இடிக்காமல் ஒருக்களித்துக் கடந்தாள்' ஆகும். 'எட்ஜ்ட் இன்டு தி க்ரவுட்' என்பது 'கூட்டத்துக்குள் இடம் பார்த்து மெல்ல மெல்ல நுழைந்தார்' ஆகும். 'எட்ஜ்ட் பேக்' என்பது 'கண்ணை எடுக்காமல் பின்னாலேயே நகர்ந்து போனான்' ஆகும். எந்த இடத்திலும் ஓரம், விளிம்பு என்ற சொல் தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இரட்டிப்பு என்ற நம்முடைய கருவி இங்கே மிக நன்றாக வேலை செய்கிறது. நகர்ந்து நகர்ந்து, ஒதுங்கி ஒதுங்கி, மெல்ல மெல்ல, கொஞ்சம் கொஞ்சமாக, அடிமேல் அடி வைத்து. சிறு சிறு அசைவுகள் திரும்பத் திரும்ப நடப்பதுதான் 'எட்ஜ்' சொல்லின் உயிர். அதைத் தமிழ் சொல்லை இரட்டித்தே காட்டிவிடுகிறது. என் கருத்தில் 'மெதுவாக' என்று ஒற்றையாகப் போடுவதைவிட இது எப்போதும் மேல். மெதுவாக நடப்பவர் ஓய்வாகவும் நடக்கலாம், 'எட்ஜ்' ஆகிறவர் ஓய்வாக இல்லை.

வினையைத் தேர்வதில் மட்டும் கொஞ்சம் கவனம் தேவை. 'நகர்' பெரும்பாலான இடங்களில் பொருந்தும், சார்பற்ற சொல். 'ஒதுங்கு' என்றால் வழிவிடுவதோ மழைக்கு ஒண்டுவதோ ஞாபகத்துக்கு வரும். விலகும் இடத்தில் சரி, நெருங்கும் இடத்தில் தவறு. 'எட்ஜ் அவே' என்றதும் பலர் 'நழுவினான்' என்று எழுதிவிடுகிறார்கள். நழுவுவதில் பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் சாயல் இருக்கிறது, பிறர் கவனிக்காதபோது மறைந்துவிடுவது அது. பாம்பைக் கண்டு பின்னால் நகர்பவர் நழுவவில்லை. 'பதுங்கு' என்பதில் ஒளிவது முதன்மை. ஆகவே 'கிரீப்', 'ஸ்னீக்' போன்றவற்றுக்கு அதை வைத்துக்கொள்ளலாம். 'ஊர்' வண்டிகளுக்கு அழகாகப் பொருந்துகிறது: 'பாலத்தின் மேல் பேருந்து ஊர்ந்து போனது.'

பக்கத்துவீட்டுச் சொற்களோடும் குழப்பம் வருகிறது. 'இன்ச்' என்பதும் இதே மாதிரி வினையாக வரும், ஆனால் அதில் அழுத்தம் தூரத்தின் மேல். எவ்வளவு சிரமப்பட்டு எவ்வளவு கொஞ்சமாக முன்னேறினார்கள் என்பதே அதன் செய்தி. நம்மூரிலேயே 'வண்டி இஞ்ச் இஞ்சா நகருது' என்று எல்லோரும் சொல்கிறோமே, அதே உணர்வு. 'டிப்டோ' என்றால் நுனிக்காலில் நடப்பது, நோக்கம் சத்தம் வராமல் பார்த்துக்கொள்வது. 'சைடில்' என்ற சொல்லில் பக்கவாட்டு அசைவு இருக்கிறது, கூடவே கூச்சமோ உள்நோக்கமோ இருக்கும். ஏதோ கேட்க வந்தவர் ஒன்றும் தெரியாதவர் போல மெல்ல ஒட்டி வந்து நிற்பாரே, அதுதான் 'சைடில் அப்'. 'ட்ரெட் கேர்ஃபுல்லி' என்பது பெரும்பாலும் கால் சம்பந்தப்பட்டதே அல்ல, பேச்சிலும் செயலிலும் பார்த்து நடந்துகொள்வது.

செய்தித்தாளுக்கு வருவோம். பங்குச்சந்தைப் பக்கத்தில் 'எட்ஜ்ட் அப்', 'எட்ஜ்ட் லோயர்' என்று பார்த்தால் மாற்றம் மிகச் சிறியது என்று பொருள். ஒரு சதவீதத்தில் பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு என்ற அளவில்தான் இருக்கும். ஐந்து சதவீதம் ஏறினால் எந்த நிருபரும் அந்தச் சொல்லைத் தொட மாட்டார், 'சர்ஜ்ட்', 'சோர்ட்' என்று போய்விடுவார். தமிழில் 'சற்றே உயர்ந்தது', 'லேசாக இறங்கியது' என்றால் போதும். அந்த இடத்தில் எச்சரிக்கை, பயம் எதையும் மொழிபெயர்ப்பில் கொண்டுவர வேண்டியதில்லை.

'எட்ஜ் க்ளோசர் டு' என்பது உடன்பாடு, போர், சாதனை எதற்கும் வரும். நெருங்கியிருக்கிறார்கள், இன்னும் போய்ச் சேரவில்லை என்பதே அதன் செய்தி. அமெரிக்க அணு விஞ்ஞானிகளின் இதழ் 1947 முதல் காட்டிவரும் 'டூம்ஸ்டே' கடிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உலகப் பேரழிவை நள்ளிரவாக வைத்து, அதற்கு நாம் எவ்வளவு அருகில் இருக்கிறோம் என்று அது காட்டுகிறது. 2023இல் நள்ளிரவுக்கு 90 விநாடி இருந்தது, 2025 ஜனவரியில் 89 ஆக்கினார்கள். ஒரே ஒரு விநாடி! தூரம் அற்பம், போகிற திசை பயங்கரம். இந்தச் சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தோன்றவில்லை.

'எட்ஜ் அவுட்' மட்டும் தனியாகப் படிக்க வேண்டியது, ஏனென்றால் அதற்குத் தொடர்பில்லாதது போல் தெரியும் இரண்டு பொருள்கள் உண்டு. ஒன்று, நூலிழையில் வெல்வது. 2021 சட்டமன்றத் தேர்தலில் சென்னை தியாகராய நகர் தொகுதியில் திமுக வேட்பாளர் 137 வாக்கு வித்தியாசத்தில் அதிமுக வேட்பாளரை வென்றார். இப்படிப்பட்ட முடிவைச் சொல்லத்தான் 'எட்ஜ்ட் அவுட்' இருக்கிறது. இருபதாயிரம் வாக்கு வித்தியாசத்துக்கு அதைப் போட்டால் தவறு. மற்றொன்று, ஒருவரை அவருடைய இடத்திலிருந்து சிறுகச் சிறுக வெளியேற்றுவது. ஒரு நிறுவனத்தின் தலைவரை ஒரேயடியாக நீக்காமல் முதலில் சில பொறுப்புகளைப் பிரித்துக் கொடுப்பார்கள். பிறகு கூட்டங்களுக்கு அழைக்க மாட்டார்கள். கடைசியில் அவரே ராஜினாமா எழுதும்படி ஆகிவிடும். அதைத் தமிழில் 'ஓரங்கட்டினார்கள்' என்கிறோம். இந்த ஓர் இடத்தில்தான் இரு மொழிகளும் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு ஒன்றாக வந்து நிற்கின்றன. இரண்டில் எது என்று தெரிய வாக்கியத்தின் பின்பகுதியைப் பாருங்கள். எதிராளியும் எண்ணிக்கையும் இருந்தால் முதல் பொருள், 'எட்ஜ்ட் அவுட் ஆஃப்' என்று தொடர்ந்து பதவியோ நிறுவனமோ வந்தால் பெரும்பாலும் இரண்டாவது.

கிரிக்கெட்டில் வரும் 'எட்ஜ்' வேறு. அங்கே எச்சரிக்கையும் இல்லை, நகர்வும் இல்லை, மட்டையின் விளிம்பில் பந்து படுவது மட்டுமே. 2017 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி அந்த விளிம்பு 40 மில்லிமீட்டருக்கு மேல் தடிமனாக இருக்கக் கூடாது. 'எட்ஜ் ஆகி கீப்பர் கைக்குப் போச்சு' என்று தமிழ் வர்ணனையில் கேட்டுப் பழகிய காதுக்கு, பையன் கதவுப் பக்கம் 'எட்ஜ்' ஆனான் என்பது விசித்திரமாகத் தெரிவது இயல்புதான். அதேபோல 'எட்ஜ்ட் வித் கோல்ட்' என்றால் தங்க ஜரிகைக் கரை போட்டது. 'ஆன் எட்ஜ்' என்றால் படபடப்பில் இருப்பது.

ஒலிப்பையும் சொல்லிவிடுகிறேன். இறந்தகால வடிவம் ஒரே அசை, 'எட்ஜ்ட்'. 'எட்ஜெட்' என்று இரண்டாக உடைத்துச் சொல்வது வகுப்பறைகளில் அடிக்கடி கேட்கிறது, அதைத் திருத்திக்கொள்ளுங்கள்.

நீங்களே எழுதும்போது, பாத்திரத்துக்கு அஞ்சவோ தயங்கவோ ஒரு காரணம் இருந்தால் மட்டும் 'எட்ஜ்' போடுங்கள். அதோடு 'ஸ்லோலி', 'கேர்ஃபுல்லி' சேர்க்காதீர்கள், சொல்லுக்குள்ளேயே அவை இருக்கின்றன. 'ஷி ஸ்லோலி அண்ட் கேர்ஃபுல்லி எட்ஜ்ட் டுவர்ட்ஸ் தி விண்டோ' என்று எழுதும் மாணவர் மூன்று முறை ஒன்றையே சொல்கிறார். அந்த இரண்டு அடைமொழிகளையும் எடுத்துவிட்டு, மிச்சமான இடத்தில் ஜன்னலுக்கு வெளியே அவள் எதைக் கண்டு தயங்கினாள் என்று எழுதினால் வரி உடனே உயிர் பெறும்.